குறியை மட்டும் விட்டுச் சென்றவர்கள்

ஒரு படைப்பைப் போற்றுவதற்கு அதைப் படைத்தவரின் பெயர் நமக்குத் தெரிந்திருக்க வேண்டுமா? ஓவியக் கூடத்திற்குள் நுழைவோரில் பலர் முதலில் ஓவியத்தைப் பார்ப்பதில்லை. அதன் கீழுள்ள பெயர்ச்சீட்டைத்தான் பார்க்கின்றனர். பெரிய பெயராயின் நிற்கின்றனர். அறியாத பெயராயின் நகர்ந்துவிடுகின்றனர். நூல்களிடத்தும் நாம் பெரும்பாலும் இவ்வாறே நடந்துகொள்கிறோம். அட்டையிலுள்ள பெயரே நமக்காகத் தீர்ப்பு எழுதிவிடுகிறது. பெயரே இல்லாத இடத்தில் நமது சுவையுணர்வு என்ன செய்யும்? இதைச் சோதித்துப் பார்க்க, கலைப்படைப்பு என்று பலரும் எண்ணிப்பாராத ஒரு பொருளை இங்கே எடுத்துக்கொள்வோம். அது இங்கிலாந்து நாட்டின் நெடுவில். ஒரே மரத்துண்டிலிருந்து கையால் செதுக்கப்படும், ஆள் உயரத்தையும் விஞ்சிய வில்.

கடல் காத்த விற்கள்

1545 ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 19 ஆம் நாள், எட்டாம் ஹென்றி மன்னரின் போர்க்கப்பலான மேரி ரோஸ், இங்கிலாந்தின் தென்கரையில் சோலண்ட் கடற்பகுதியில் பிரெஞ்சுக் கப்பற்படையை எதிர்கொண்டபோது மூழ்கிப்போயிற்று. கப்பலில் இருந்த ஏறத்தாழ 500 பேரில் உயிர் பிழைத்தவர் மிகச் சிலரே. 437 ஆண்டுகள் கடலடியில் கிடந்த அக்கப்பலின் உடற்பகுதி, 1982 அக்டோபர் 11 அன்று நீருக்கு மேலே கொண்டுவரப்பட்டது. சேறு மூடிக் காத்த பொருள்களுள் 172 நெடுவிற்களும் 3,500க்கு மேற்பட்ட அம்புகளும் இருந்தன. அதுவரை, பழைய நெடுவில் எப்படியிருந்தது என்பதை ஓவியங்களையும் ஏடுகளையும் கொண்டே அறிஞர்கள் பெரிதும் ஊகித்து வந்தனர். இப்போது விற்களே எழுந்து வந்து சான்று கூறின.

அவற்றின் நீளம் 1.87 மீட்டரிலிருந்து 2.11 மீட்டர் வரை. முழுதும் இழுப்பதற்கு ஏறத்தாழ 100 பவுண்டிலிருந்து 185 பவுண்டு வரை வலிமை தேவைப்பட்டிருக்கும் என்று கணக்கிட்டுள்ளனர். இன்று விளையாட்டாக நெடுவில் பயில்வோரில் பலருக்கு 40 அல்லது 50 பவுண்டு வில்லே போதுமானது என்பதை நினைத்துப் பார்த்தால், இவ்விற்களின் ஆற்றல் விளங்கும்.

ஆயினும் நம் கருத்தைக் கவர்வது இந்த ஆற்றலன்று. விற்கள் பலவற்றின் உடலில், கருவி கொண்டு இட்ட சிறு குறிகள் காணப்படுகின்றன. செய்தவரின் அடையாளமாக இவை இருக்கலாம் என்று ஆய்வாளர் கருதுகின்றனர். குறி இருக்கிறது; ஆனால் வில்லைப் பார்த்து, 'இது இன்னாருடையது' என்று நாம் பெயர் சொல்ல இயலாது. இலண்டன் நகரில் வில் செய்வோர்க்கென்று தனிச் சங்கமே இருந்தது. 1371 இல் அம்பு செய்வோர் அவர்களிடமிருந்து பிரிந்து தமக்கெனத் தனிச் சங்கம் அமைத்துக்கொண்டனர் என்பது ஏட்டிலுள்ள செய்தி. சங்கத்தின் பெயரும் விதிகளும் நிலைத்தன; இந்த வில்லைச் செய்த கையின் பெயர் நிலைக்கவில்லை. எனவே, இங்கே நாம் படைப்பை மட்டும் கொண்டே படைப்பாளியை அறிந்தாக வேண்டும். அதற்கு முதலில் மரத்தை அறிய வேண்டும்.

மரத்தோடு ஓர் உடன்பாடு

நெடுவில்லுக்கு உயர்ந்த மரமாகக் கருதப்பட்டது யூ மரம். இது மெல்ல வளரும், நெடுங்காலம் வாழும் பசுமை மாறா மரம்; இலையும் விதையும் நஞ்சு. இங்கிலாந்தின் பழைய கோவில் வளாகங்களில், கல்லறைகளின் நடுவே, பல நூற்றாண்டுகள் கண்ட யூ மரங்கள் இன்றும் நிற்கின்றன. ஆனால் வில்லுக்கு விரும்பப்பட்டது, ஐரோப்பாவின் பிற நாடுகளில், மலைப்பகுதிகளில் மெதுவாக வளர்ந்து, நெருக்கமான ஆண்டு வளையங்களோடு விளைந்த மரமே. 1472 ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, இங்கிலாந்துத் துறைமுகத்திற்கு வணிகப் பொருள் கொண்டுவரும் கப்பல்கள், ஒவ்வொரு டன் சரக்குக்கும் நான்கு வில்மரக் கட்டைகளையும் கொண்டுவர வேண்டும் என்று ஆணையிட்டது. நல்ல மரம் அவ்வளவு அரிதாகவும் தேவையாகவும் இருந்தது.

இம்மரத்தின் சிறப்பு அதன் இரு படலங்களில் உள்ளது. பட்டையை அடுத்து வெளிர்நிறமான வெளிமரம். அதற்குள்ளே செம்பழுப்பான வைரம். மற்றத் தச்சு வேலைகளில் வெளிமரத்தைக் கழித்துவிட்டு, வைரம் பாய்ந்த பகுதியையே பெரிதும் கொள்வர். வில் செய்யும் தச்சரோ இரண்டையும் சேர்த்தே கொள்கிறார். வில் வளையும்போது, இலக்கை நோக்கிய அதன் வெளிப்புறம் இழுபடுகிறது. எய்பவரை நோக்கிய உட்புறம் நெரிபடுகிறது. இழுபடுவதைத் தாங்க வெளிமரமும், நெரிபடுவதைத் தாங்க வைரமும் ஏற்றவை. பிறர் கழிவென்று எறிவதைத்தான், மிகுந்த இழுவிசையைத் தாங்கும் பொறுப்பில் வில்தச்சர் வைக்கிறார்.

மரம் எப்போதும் நேராக வளர்வதில்லை. அதன் நாரோட்டம் ஓரிடத்தில் நெளியும். ஓரிடத்தில் கணு புடைக்கும். உளியின் வலிமையைக் கொண்டு மரத்தை நேர்க்கோட்டிற்குள் அடக்க முயன்றால் நார்கள் அறுபடும். அறுபட்ட இடத்தில் வில் ஒருநாள் முறியும். ஆகவே தேர்ந்த தச்சர் நாரோட்டத்தின் பின்னே செல்கிறார். மரம் சற்று வளைந்தால் வில்லையும் சற்று வளைய விடுகிறார். கணு உள்ள இடத்தில் மரத்தைக் குறைக்காமல், சுற்றிலும் சிறிது கூடுதலாகவே விட்டுவைக்கிறார். வலுக்குறைந்த இடத்திற்கு அதிக மரம் கொடுப்பது இத்தொழிலின் பால பாடம். அறியாதவர் கண்ணுக்கு அந்தப் புடைப்பு சீர்செய்யாத குறையாகத் தோன்றும். அறிந்தவருக்கோ அது தச்சரின் முன்னறிவுக்குச் சான்று.

வளைவைக் காணும் கண்

வெட்டிய மரத்தைச் சில ஆண்டுகள் உலரவிட்டு, கோடரியாலும் இழுவைக் கத்தியாலும் அரத்தாலும் உருவம் கொடுத்த பின்னரே உண்மையான பணி தொடங்குகிறது. அதுவே வளைவைச் சமன் செய்யும் பணி. வில்லை ஒரு மரச்சட்டத்தில் பொருத்தி, நாணைச் சிறிது இழுத்துவிட்டுத் தச்சர் எட்டி நின்று பார்க்கிறார். எந்த இடம் விறைத்து நிற்கிறது, எந்த இடம் அளவுக்கு மீறி வளைகிறது என்று கண்டு, விறைத்த இடத்திலிருந்து மட்டும் சில இழைகளைச் சுரண்டி எடுக்கிறார். மீண்டும் இழுக்கிறார், மீண்டும் பார்க்கிறார். எடுத்த மரத்தைத் திரும்ப வைக்க இயலாது. இழுப்பதற்கு அஞ்சி நிறுத்தினால் வில் அரைகுறையாகும். அவசரப்பட்டு இழுத்தால் பட்டறையிலேயே ஒடியும். முழுதும் இழுத்த வில் பத்தில் ஒன்பது பங்கு முறிந்த வில் என்று இத்தொழிலாளரிடையே ஒரு பழமொழி உண்டு. எஞ்சிய அந்த ஒரு பங்கில்தான் கலை வாழ்கிறது.

அவ்வாறாயின், பெயரறியாத ஒருவர் செய்த வில்லை நாம் எப்படி மதிப்பிடுவது? முதலில் வெளிப்புறத்தைப் பார்க்க வேண்டும்: வெளிமரம் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை அறுபடாமல் ஓடுகிறதா? பிறகு பக்கவாட்டில் பார்க்க வேண்டும்: வெளிமரமும் வைரமும் சந்திக்கும் கோடு மரத்தின் இயல்பைப் பின்பற்றிச் செல்கிறதா? அடுத்து, நாணேற்றிய வில்லைச் சில அடி தள்ளி நின்று நோக்க வேண்டும். நெடுவில்லின் வளைவு, வட்டத்தின் ஒரு பகுதி போல, நடுவிலிருந்து முனைகள்வரை படிப்படியாகப் பரவ வேண்டும். ஓரிடத்தில் மட்டும் கீல் போல மடிந்தால், மற்ற இடங்கள் செய்ய வேண்டிய வேலையை அந்த ஓரிடம் சுமக்கிறது என்று பொருள். அங்கே உட்புறத்தில் மயிரிழை போன்ற நெரிவுக் கோடுகள் தோன்றும். இறுதியாக, நாணைக் கழற்றிய பின் பார்க்க வேண்டும். நெடுநாள் உழைத்த மரவில் சிறிதளவு வளைந்தே நிற்பது இயல்பு. மிகுதியாக வளைந்திருப்பின், மரம் உலராமலிருந்திருக்கலாம், அல்லது அளவுக்கு மீறி வருத்தப்பட்டிருக்கலாம்.

இந்தச் சோதனைகளில் எதற்கும் செய்தவரின் பெயர் தேவைப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வில் தன்னைத் தானே அறிவித்துக்கொள்கிறது.

பழைய திறனாய்வாளர் இருவர்

இவ்வாறு வில்லை வில்லாகவே பார்க்கும் மரபு புதியதன்று. 1188 ஆம் ஆண்டு, கேன்டர்பரிப் பேராயர் பால்ட்வின் சிலுவைப் போருக்கு ஆள் திரட்ட வேல்ஸ் நாட்டில் மறையுரை ஆற்றிச் சென்றபோது, அவருடன் பயணம் செய்தவர் ஜெரால்டு என்னும் திருச்சபைப் பணியாளர். தம் பயண நூலில் அவர் வேல்ஸ் மக்களின் விற்களைப் பற்றிக் குறிப்பிடுகிறார். அவை யூ மரத்தாலானவையல்ல. காட்டு எல்ம் மரத்தாலானவை. மெருகற்றவை, கரடுமுரடானவை, ஆனால் உறுதிமிக்கவை என்று அவர் சொல்கிறார். அபெர்கவெனிக் கோட்டையில் கருவாலிக் கதவைத் துளைத்துச் சென்ற அம்புகளையும் அவர் சான்று காட்டுகிறார். மெருகின்மையைக் கண்டு அவர் இகழவில்லை. உறுதியைக் கண்டதால் மெருகின்மையை மறைக்கவுமில்லை. இரண்டையும் ஒரே மூச்சில் சொன்ன அந்த நேர்மையே நல்ல திறனாய்வின் இலக்கணம்.

மற்றவர் ரோஜர் ஆஸ்கம். மேரி ரோஸ் மூழ்கிய அதே 1545 ஆம் ஆண்டில், வில்வித்தை குறித்து ஆங்கிலத்தில் எழுந்த முதல் நூலாகிய 'டாக்ஸோஃபிலஸ்' என்பதை அவர் வெளியிட்டார். பின்னாளில் முதலாம் எலிசபெத் அரசியாரான இளவரசிக்கு ஆசிரியராயிருந்தவர் அவர். நூலில் அவர் வாங்குவோர்க்கு அறிவுரை சொல்வதோடு நிற்கவில்லை; செய்வோரிடமும் ஒரு வேண்டுகோள் வைக்கிறார். மரத்தை நன்கு பதப்படுத்துங்கள், பொறுமையாக வேலை செய்யுங்கள், வளைவைப் பலமுறை சமன் செய்யுங்கள். நல்ல பெயர் அதனால் வரும் என்பது அவ்வேண்டுகோளின் சாரம். பெயரிலிருந்து தரம் பிறப்பதில்லை. தரத்திலிருந்தே பெயர் பிறக்க வேண்டும் என்ற வரிசையை அவர் தெளிவாக வைத்தார். நமது காலம் அந்த வரிசையைத் தலைகீழாக்கிவிட்டது.

கொல்லும் கருவியில் அழகா?

இங்கே மனச்சான்றுள்ள வாசகர் ஒரு தடையை எழுப்பக்கூடும். வில் என்பது உயிரைப் பறிக்க எழுந்த கருவி. 1346 இல் கிரெசியிலும், 1415 அக்டோபர் 25 அன்று, புனிதர்கள் கிறிஸ்பின், கிறிஸ்பினியன் திருநாளில், அஜின்கோர்ட்டிலும் ஆயிரக்கணக்கானோர் மாண்டதில் இந்த நெடுவில்லுக்குப் பெரும்பங்கு உண்டு. அதன் வளைவை வியப்பது, அது வீழ்த்திய மனிதரை மறப்பதாகாதா?

இத்தடையை எளிதாகத் தள்ளிவிடக் கூடாது. அழகு, குற்றத்திலிருந்து விடுதலை தராது. மேரி ரோஸில் கிடைத்த விற்களின் அருகே மனித எலும்புகளும் கிடைத்தன. இளமை தொட்டே பெரும் வில்லை இழுத்ததால் வந்திருக்கலாம் என்று கருதப்படும் மாற்றங்கள் சிலருடைய தோளெலும்பில் இருந்தன. வில்லின் வலிமையைக் கணக்கிடும்போது, அதைச் சுமந்த தோளையும், அது குறிவைத்த மார்பையும் சேர்த்தே நினைப்பது நம் கடமை.

ஐரோப்பிய வில்லாளர் தாமே இதை ஏதோ ஒரு வகையில் உணர்ந்திருந்தனர் போலும். பிளாண்டர்ஸ் நாட்டு வில்லாளர் சங்கங்கள் பல புனித செபஸ்தியாரைப் பாதுகாவலராகக் கொண்டன. புரூஜ் நகரில் அவர் பெயரிலுள்ள சங்கம் இன்றும் இருக்கிறது. செபஸ்தியார் அம்பு எய்தவர் அல்லர், அம்புகளால் துளைக்கப்பட்டவர். வில்லேந்திய கைகள், வில்லுக்கு இரையானவரையே தம் சங்கத்தின் தலைவாயிலில் நிறுத்திக்கொண்டன. கருவியைப் போற்றுவோர் எந்த இடத்தில் நின்று போற்ற வேண்டும் என்பதற்கு இதைவிடச் சிறந்த குறிப்பு வேறில்லை.

பாராட்டே காத்த தொழில்

1595 இல் இங்கிலாந்து அரசின் மன்றம், பயிற்சிப் படைகளில் வில்லுக்குப் பதில் துப்பாக்கியே வேண்டும் என்று முடிவு செய்தது. போர்க்களம் நெடுவில்லைக் கைவிட்டது. அத்தோடு இத்தொழிலும் அழிந்திருக்க வேண்டும். அழியவில்லை. ஸ்காட்லாந்தில் 1676 இல் தோன்றிய அரச வில்லாளர் குழு, இலண்டனில் 1781 இல் தோன்றிய டாக்ஸோஃபிலைட் கழகம் போன்ற அமைப்புகளில் வில் பயின்றவர்கள், எவரையும் வீழ்த்த வேண்டிய தேவையின்றியே நல்ல வில்லைத் தேடினர். 1844 இல் யார்க் நகரில் நாடளாவிய முதல் வில் போட்டி நடந்தது. 1951 இல் பிரித்தானிய நெடுவில் கழகம் தோன்றியது. போர் கைவிட்ட பின் நான்கு நூற்றாண்டுகள் இக்கலையைக் காத்தவர்கள், நல்ல வில்லுக்கும் அல்லாததற்கும் வேறுபாடு காணத் தெரிந்த எளிய பயனாளரே.

இங்கேதான் நாம் எடுத்துக்கொண்ட பொருளின் உயிர்நாடி உள்ளது. இன்றும் இங்கிலாந்திலும் பிற நாடுகளிலும், வீட்டுக் கொல்லையிலுள்ள சிறு பட்டறைகளில், வெளியுலகம் அறியாத வில்தச்சர்கள் தனியே உழைத்து வருகின்றனர். கண்ணாடி இழையாலும் கரியிழையாலும் ஆலைகள் செய்யும் விற்கள் இவர்களுடையதைவிட வேகமாகவும் குறி தவறாமலும் எய்கின்றன. அதை மறுப்பதில் பொருளில்லை. ஆலைவில்லில் ஒன்றைப் போலவே மற்றொன்று இருக்கும்; அது அதன் நற்பண்பு. மரவில்லில் ஒன்றைப் போல் மற்றொன்று இருக்க இயலாது. ஏனெனில் ஒரு மரத்தைப் போல் மற்றொரு மரம் வளர்வதில்லை. இவை இரு வேறு நன்மைகள்.

அறியப்படாத தச்சர்க்குத் தீங்கு இழைப்பது ஆலை மட்டுமன்று. நம் பாராட்டில் உள்ள இரு கோணல்களும் தீங்கு இழைக்கின்றன. முதலாவது, பெயரையும் அணியையும் கண்டு மயங்குவது. முனைகளில் பொருத்திய கொம்பின் வேலைப்பாடு, அம்பு உராயும் இடத்தில் பதித்த முத்துச்சிப்பி, கண்ணாடி போன்ற மெருகு ஆகியவை நல்ல வில்லுக்கு அழகு சேர்க்கும். கெட்ட வில்லைக் காப்பாற்றா. மேரி ரோஸ் விற்களின் கொம்பு முனைகள் ஏறக்குறைய எல்லாமே கடலில் மட்கிப்போயின. எஞ்சி நின்றது மரமும் அதன் வளைவுமே.

இரண்டாவது கோணல் இன்னும் நுட்பமானது. 'கையால் செய்தது, ஏழைத் தொழிலாளி செய்தது' என்று எதையும் புகழ்ந்துவிடுவது. வளைவு சீராக அமையாத இடத்தை 'இயற்கையின் அழகு' என்றும், உலராத மரத்தைப் 'பழமையின் மணம்' என்றும் சொல்லிச் சமாதானம் அடைவது. இது அன்பு போலத் தோன்றினும், அத்தச்சரைக் கலைஞராக மதிக்க மறுப்பதேயாகும். இரக்கத்தைப் பாராட்டு என்று எண்ணிக்கொள்ளக் கூடாது. தம் வில்லில் கீல் போல் மடியும் இடத்தைச் சுட்டிக் காட்டுபவரையே நல்ல தச்சர் மதிப்பார். அவரே மறுமுறை நன்கு அமைந்த வளைவையும் அடையாளம் காண்பார் என்று அறிவார். வாங்குபவர்க்கு வேறுபாடு தெரியாதெனில், மூன்றாண்டு மரத்தை உலர்த்தும் பொறுமைக்கு என்ன ஊதியம்? மெருகிட்டு மறைப்பதே எளிதல்லவா? ஒரு தொழில் செய்பவரின் கையில் மட்டும் வாழ்வதில்லை. பயன்படுத்துவோரின் கண்ணிலும் வாழ்கிறது. கண் மங்கினால் கையும் தளரும்.

முற்றுப்பெறாத ஒரு வில்

பெயரின்றியே ஒரு கையை எவ்வளவு நெருக்கமாக அறியலாம் என்பதற்கு, நெடுவில்லின் மிகப் பழைய உறவினர் ஒன்றைச் சொல்லி முடிக்கலாம். 1991 செப்டம்பரில், ஆஸ்திரியாவுக்கும் இத்தாலிக்கும் இடையேயுள்ள ஆல்ப்ஸ் பனிமலையில், ஐயாயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்ட ஒரு மனிதரின் உடல் கிடைத்தது. அவர் பொருள்களுள் யூ மரத்தாலான ஒரு வில்லும் இருந்தது. நீளம் ஏறத்தாழ 1.82 மீட்டர். இன்று இத்தாலியின் போல்சானோ அருங்காட்சியகத்தில் அது பாதுகாக்கப்படுகிறது. அது முற்றுப்பெறாத வில். நாண் பூட்டப் பள்ளம் வெட்டப்படவில்லை, மேற்பரப்பு வழவழப்பாக்கப்படவில்லை. நீளம் முழுவதும், கருவி செதுக்கிச் சென்ற வெட்டுத் தடங்கள் அலையலையாக இருக்கின்றன.

அந்த வில் ஓர் அம்பையும் எய்ததில்லை. அதைச் செதுக்கியவரின் மொழியை நாம் அறியோம், பெயரையும் அறியோம். ஆயினும் ஒவ்வொரு வெட்டும் எங்கே தொடங்கியது, எங்கே நின்றது, முனையை நோக்கி மரம் எவ்வாறு மெலிந்தது என்பதையெல்லாம் இன்றும் காண முடிகிறது. மேரி ரோஸ் வில்லில் குறியிட்ட தச்சரும், இன்று ஏதோ ஓர் ஊரில் தனியே அரம் பிடிக்கும் தச்சரும் நம்மிடம் கேட்பது இதைத்தான்: பெயர்ச்சீட்டைத் தேடுமுன் சற்றே நின்று, வேலையைப் பார்க்க வேண்டும். நன்றாக இருந்தால் நன்று என்றும், இல்லையெனில் இல்லை என்றும் சொல்ல வேண்டும். அவர்களுக்கு நாம் செலுத்தக்கூடிய மரியாதை அதுவே.